பச்சோந்தி கொழுத்த ஐப்பசி

என் வயதுக்காரர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்ட வேண்டாம். நீங்களும் ஓணான் அடித்தவர்கள்தான். கல் பட்டு அது வேலியிலிருந்து விழுந்ததும் ஓடிப்போய், வால் இன்னும் துடிக்கிறதா என்று குனிந்து பார்த்தவர்கள்தான். அதன் வாயைப் பிளந்து மூக்குப்பொடியைத் திணித்து, அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பலர் இன்று பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகளிடம் எறும்பை மிதிக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவள்தான், பெரிய யோக்கியம் பேச வரவில்லை.

அடிப்பதற்கு நமக்கு நியாயமும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாமிக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்ததாம். அதனால் அணிலுக்குத் தடவல், ஓணானுக்குக் கல். இன்னொரு நியாயமும் உண்டு, நினைவிருக்கும். ஓணான் தூரத்தில் இருந்தபடியே தொப்புளைப் பார்த்து நம் ரத்தத்தை உறிஞ்சிவிடும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கழுத்து சிவக்கும். அதற்காகவே ஒரு கையால் தொப்புளைப் பொத்திக்கொண்டு மறு கையால் கல் எடுப்போம். முதல் கதையை யாரும் அவ்வளவாக நம்பவில்லை. இரண்டாவதைப் பெரியவர்களும் நம்பினார்கள், எங்கள் வீட்டில் ரொம்பவே நம்பினார்கள்.

போன வாரம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். எந்த நாடோ, கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சோந்தி வளர்க்கிறார்கள். அதற்கு விளக்கு, அதற்குத் தண்ணீர் தெளிக்க ஒரு மிஷின், அதற்கென்று சத்துப் பொடி. "நம்ம ஊர்ல இத புடிச்சு வச்சா கேஸுமா," என்றாள். தெரியும் என்றேன். நான் வளர்த்தபோது கேஸ் இல்லை, தீர்ப்பு மட்டும் இருந்தது.

டெல்டாப் பக்கத்துக் குத்தாலத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் எங்கள் தெரு. அப்பா பண்ணையில் ஆள். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அத்தை, அப்பாவுக்கு அக்கா, வீட்டைப் பார்த்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்துக்கொண்டாள் என்றால் எங்களைப் பார்த்துக்கொண்டாள், எங்களைப் பார்த்துக்கொண்டாள் என்றால் அடித்தாள். நான் நாலாவது படித்தேன். தம்பிக்கு இன்னும் பள்ளிக்கூட வயது வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் தம்பி என்றால் அந்த வீட்டில் உசிர். அவன் விழுந்தால் எனக்கு அடி விழும்.

குறுவைக்குத் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்து ஓடிய நாட்கள். கரையில் கருவேல மரத்தடியில் பையன்கள் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தலைவன் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை, தெருவுக்கே தளபதி. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டுப் பிடித்திருந்தான். சுருக்கில் தொங்கியது ஓணான் இல்லை. கால்கள் இடுக்கி மாதிரி காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டன. வால் நுனி சுருண்டிருந்தது. ஒரு கண் அண்ணனைப் பார்த்தது, இன்னொரு கண் தனியாகத் திரும்பி என்னைப் பார்த்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன், அது என்னைத்தான் பார்த்தது.

"விட்டுருண்ணே. கழுத்து இறுகுது."

"இது பச்சோந்திடி. கடிச்சா மந்திரிச்சாலும் தீராது. தள்ளிப் போ."

ஒருவன் பொடிமட்டையைப் பிரித்தான். இன்னொருவன் குச்சியால் அதன் வாயைப் பிளந்தான். உள்ளே மஞ்சளாக இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பாய்ந்து அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்குவது தெரிந்தது, உப்பாக வந்தது, அப்படியும் விடவில்லை. அவன் மறு கையில் இருந்த கல்லால் என் நெற்றியில் அடித்தான். இரண்டு பேருக்கும் ரத்தம். பையன்கள் சிதறி ஓடினார்கள். நான் பாவாடையில் அதை ஏந்திக்கொண்டு, கண்ணில் ரத்தம் இறங்க வீட்டுக்கு வந்தேன்.

அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து நெற்றியில் அப்பினாள். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு வந்துருக்கியேடி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடவு முடித்து வந்த கையில் சேற்று வாசனை இருந்தது. அடிப்பதற்கு அவளுக்குத் தெம்பில்லை என்றுதான் அன்று நினைத்தேன். அவள் எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை என்பது பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கொல்லையில் செம்பருத்திச் செடி ஒன்று புதராக நின்றது. அதன் மேல் உடைந்த பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே அதை விட்டேன். கோழி கவிழ்க்கும் அந்த மூங்கில் கூடையில் ஒரு பக்கம் ஓட்டை, அதைப் பனையோலை வைத்து அடைத்தேன். தம்பி குத்தவைத்து உட்கார்ந்து ஓலை இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன்தான் அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தான்.

பச்சோந்தி வளர்ப்பது லேசு என்று நினைக்காதீர்கள். கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் இரண்டும் குழிக்குள் போயின. தோல் தொளதொளத்தது. மேனி அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது. செத்துவிடும் என்று முடிவு கட்டியபோது ஒரு சாயங்காலம் தூற்றல் போட்டது. செம்பருத்தி இலையில் துளிகள் நின்றன. அது மெல்ல நகர்ந்து வந்து, இலையிலிருந்த துளியை நாக்கால் எடுத்துக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையிலும் சாயங்காலத்திலும் கையில் தண்ணீர் எடுத்து இலைமேல் உதறுவோம். தம்பி உதறினால் பாதி அவன் மூஞ்சியில்தான் விழும்.

காலை வெயில் அதற்கு வேண்டும். உடம்பைத் தட்டையாக்கி, வெயில் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிக்கொண்டு காயும். உச்சி வெயில் ஆகாது. வாயைத் திறந்து வைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே வாழை மட்டையைப் போட்டு மூட வேண்டும். அடிக்கடி தூக்கினால் ஆகாது. தோல் உரிக்கும்போது பிய்க்கக் கூடாது. கட்டெறும்பு ஏறினால் ஒரு ராத்திரி தாங்காது, அதனால் செடியைச் சுற்றிச் சாம்பல். தூங்கும்போது வெளிறிப்போய்ப் பழுத்த இலை மாதிரி இருக்கும், அது நோய் இல்லை. பகலில் வெளுத்தால்தான் பயம். நிறத்தைப் பார்த்தே அதற்குப் பசியா, பயமா, கோபமா என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அது சாகாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதம்தான் சொல்லித் தந்தது.

தீனிதான் பெரிய பாடு. வரப்பில் ஓடி ஓடி வெட்டுக்கிளி பிடிப்போம். பெரிய வெட்டுக்கிளியின் பின்னங்காலில் முள் இருக்கும், வாயைக் கிழித்துவிடும். அதனால் காலைப் பிய்த்துவிட்டுக் கொடுப்பேன். பறக்காமலிருக்க இறக்கையையும் பிய்ப்பேன். காலில்லாத இறக்கையில்லாத உடல்கள் தீப்பெட்டிக்குள் கிடந்து நெளியும். தம்பி அந்தத் தீப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுச் சிரிப்பான். ஒரு பிராணியைக் காப்பாற்றப் போனவளின் விரல் நகத்தில் எப்போதும் பச்சை ரத்தம் காய்ந்திருந்தது. அதில் எனக்குத் துளி வருத்தமும் இருந்ததில்லை.

பண்ணை வயலில் மட்டும் பிடிக்க மாட்டோம். மருந்து அடித்த மறுநாள் அங்கே கொக்கு செத்துக் கிடந்ததை, நண்டு மல்லாந்து கிடந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். எங்கள் பக்கத்துத் திட்டிலும் ஆய்ப்போகும் கருவேலங்காட்டுக்குள்ளும்தான் பிடிப்போம். தெருவே காலைக்கடன் கழிக்கும் இடம் அது. மழை பெய்தால் தரையெல்லாம் சொதசொதவென்று இருக்கும். செருப்பு என்பதை நாங்கள் பண்ணையில் வேலை வாங்கும் காரியக்காரர் காலில்தான் பார்த்திருந்தோம். தம்பி வெறுங்காலோடு என் பின்னாலேயே வருவான்.

அண்ணன் கைக்காயம் ஆறியதும் சமாதானத்துக்கு வந்தான். இன்னொரு பச்சோந்தியைச் சுருக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான், பாப்பாவை விட நீளம், தலையில் கொண்டை பெரிது. "ஒத்தையா இருக்குல்ல, துணைக்கு வச்சிக்க," என்றான். பஞ்சாரத்துக்குள் விட்டோம். பாப்பா அதைக் கண்டதும் உப்பிக் கறுத்து, உடம்பெல்லாம் மஞ்சள் பொட்டாகி, வாயைப் பிளந்து பாம்பு மாதிரி சீறியது. பெரியது விடவில்லை. ஏறி மிதித்துக் கடித்தது. செடி குலுங்கியது. தம்பி அழுதான், அண்ணன் பந்தயச் சேவல் பார்ப்பதுபோல் கூச்சல் போட்டான். நான் பிரித்துவிடுவதற்குள் பாப்பாவின் தோளில் தோல் கிழிந்திருந்தது. அது சண்டை இல்லை, வேறு விஷயம் என்று இப்போது எனக்குத் தெரியும். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம். அன்று நான் அந்த ஆணைத் தூக்கி வேலிக்கு வெளியே விட்டேன். அது அதன் பாட்டுக்கு ஆடி ஆடித் தெருவைக் கடந்தது. பாதி கடப்பதற்குள் பையன்கள் பார்த்துவிட்டார்கள். கல் விழுந்த சத்தம் எனக்குக் கொல்லையில் கேட்டது. சாணி மிதிபட்ட மாதிரி அதைத் தேய்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பாப்பாவின் காயத்துக்கு மஞ்சள் பூசினேன். ஆறியது. அதற்குப் பிறகு அதற்கு அப்படி ஒரு பசி. கொடுக்கக் கொடுக்கத் தின்றது. புரட்டாசி முடிவதற்குள் வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, தோல் மினுமினுவென்று, பச்சை என்றால் நாற்றங்கால் பச்சை. என் வளர்ப்பைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதே நாட்களில்தான் தம்பி வெளுக்க ஆரம்பித்தான். முதலில் விளையாடாமல் உட்கார்ந்தான். என் பின்னால் ஓடி வந்தவன் பாதியில் நின்று மூச்சு வாங்கினான். அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்றான், செங்கல்லை நக்கினான். அத்தை வாயில் சூடு வைப்பேன் என்று கரண்டியைக் காய்ச்சிக் காட்டினாள், ஒரு முறை வைத்தும் விட்டாள். உதட்டில் கொப்புளத்தோடு அவன் மறுபடியும் மண் தின்றான். உள்ளங்கையைப் பார்த்தால் வெள்ளைத் தாள். பாப்பாவுக்குக் கண் குழி விழுந்தால் பதறிய நான், தம்பியின் கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரியாத சிறுமி. தெரிய வேண்டிய வயதில் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. "குத்தாலத்துக்குத் தூக்கிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவமா?" என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள். தாளடி நடவு நேரம். அதற்கு முந்தின வாரம்தான் வேலைக்குப் பிந்தி வந்ததற்காகக் காரியக்காரர் அப்பாவைக் களத்தில் வைத்து, எல்லோர் முன்னாலும், செருப்பைக் கழற்றி அடித்திருந்தார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பார்த்தேன். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அம்மாவின் கேள்விக்கு அத்தைதான் பதில் சொன்னாள். "டாக்டரு என்னாத்த கண்டான். கொல்லைல போயி பாரு. இவ வளக்குறாளே ஒரு சனியன், ஆடில வந்தப்ப எலும்பும் தோலுமா இருந்துச்சு. இப்ப எப்புடி இருக்கு? அது கொழுக்கக் கொழுக்க இவன் வத்துறான். பகலெல்லாம் அதுக்கு எதுக்க தொப்புளக் காட்டிக்கிட்டு உக்காந்துருக்கான் புள்ள. எல்லா ரத்தமும் எங்க போவுதுன்னு நெனைக்கிற?"

யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அது கொழுத்தது, இவன் இளைத்தான். அவன் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஓணானும் பச்சோந்தியும் வேறு வேறு, இதற்குக் கழுத்து சிவக்காது, மஞ்சள் கோடுதான் விழும் என்று நான் கத்தினேன். அப்பா கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். புது ஆளைக் கண்டு பாப்பா உப்பித் தொண்டையை விரித்தது. "செவப்பாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

மேலத்தெருவில் மந்திரிக்கிறவர் ஒருவர் இருந்தார். அத்தை அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அதை அறுத்து அதன் ரத்தத்தைப் பிள்ளையின் தொப்புளில் தடவினால், போன ரத்தம் திரும்பும். அவ்வளவுதான் வைத்தியம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். தாழம்புதருக்குப் பின்னால் ஒரு பூவரசு. அதன் உள்கிளையில் விட்டேன். எப்போதும்போலத் தம்பி பின்னாலேயே வந்துவிட்டான். நடக்க முடியாமல் நின்று நின்று வந்தான். "யார்ட்டயும் சொல்லாத," என்றேன். தலையாட்டினான்.

அப்பா நடவிலிருந்து மதியம் வந்தார், இதற்காகவே வந்தார். பஞ்சாரம் காலி. "எங்கடி?" என்றார். நான் பேசவில்லை. மாடு ஓட்டும் தார்க்குச்சி மூலையில் இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதில் கீழே விழுந்தேன். அதற்குப் பிறகு முதுகு, தொடை, தடுக்கப்போன கை. அப்பா வாயைத் திறக்காமல் அடித்தார். பேசாமல் அடிக்கிறவர்களிடம் அடி வாங்கியிருக்கிறீர்களா? எப்போது நிற்கும் என்றே தெரியாது. அத்தை வாசற்படியில் நின்று, "நல்லா போடு, தம்பிய முழுங்கப் பாக்குறா," என்றாள். குச்சி நுனியில் இருந்த ஆணி என் காதுக்குக் கீழே கிழித்தது. அம்மா கஞ்சிப் பானையைப் போட்டுவிட்டு வந்து குறுக்கே விழுந்தாள். அவளுக்கும் விழுந்தது.

நான் சொல்லியிருக்க மாட்டேன். அடித்தே கொன்றிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட பிறவி நான். சொன்னது தம்பி.

"அக்காவ அடிக்காதப்பா. பாப்பா பூவரச மரத்துல இருக்கு. அடிக்காதப்பா."

சொல்லிவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அப்பா குச்சியைக் கீழே போட்டார். அண்ணனை அனுப்பினார்கள், அவன் இலைகளோடு கிளையையே ஒடித்துக்கொண்டு வந்தான். பாப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்க முடியவில்லை. காலை ஒவ்வொன்றாக முறித்துத்தான் எடுத்தார்கள்.

அரிவாள்மனையில் அத்தை அறுத்தாள். மீன் அறுக்கிற அதே மனை. ரத்தம் எதிர்பார்த்து வாழையிலைத் துண்டை ஏந்தியிருந்தார்கள். ரத்தம் கொஞ்சம்தான் வந்தது. வயிறு பிளந்ததும் முட்டை வந்தது. வெள்ளை வெள்ளையாக, தோல் முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக. அத்தனை நாள் அது தின்றதெல்லாம், புடைத்ததெல்லாம் அதுதான். அத்தை சொன்னாள், "பாத்தியா, எம்புள்ள ரத்தத்தக் குடிச்சு முட்ட வச்சிருக்கு."

இருந்த ரத்தத்தை எடுத்துத் தம்பியின் தொப்புளில் தடவினார்கள். அவன் அழவில்லை. முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பாவுக்குப் பாப்பா," என்றான் என்னிடம். அத்தை அவற்றைக் குப்பைக்குழியில் போட்டு அதன்மேல் அடுப்புத் தணலைக் கொட்டினாள்.

அந்த ஒரு வாரம் வீட்டில் எல்லோருக்கும் தம்பி தேறுகிறான் என்றே தோன்றியது. முகம் புசுபுசுவென்று ஆனது. சதை போடுகிறான் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். அது சதை இல்லை, நீர். பிறகு காலில் இறங்கியது. அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை தெரியாமல் போயிருந்தது. ஒரு மத்தியானம், என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவன், தாகம் என்றான். கூரையில் ஒழுகிய தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் கொடுத்தேன். பாதி குடித்தான். மீதி வாயோரத்தில் வழிந்தது.

மழையிலேயே கொண்டுபோனார்கள். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது என்று அண்ணன் பிறகு சொன்னான். அம்மா அழவில்லை. அழுகை முழுவதையும் அத்தையே எடுத்துக்கொண்டாள், தெருவே கூடி அவளைத்தான் தேற்றியது. அவள் ஒப்பாரியில் நான் இருந்தேன். ஒளித்து வைத்தவள், அரை நாள் தாமதம் செய்தவள், அந்த அரை நாளில் மிச்ச ரத்தத்தையும் குடிக்கவிட்டவள். அப்பா மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணப் பேச்சு வந்த இடத்தில்கூடத் தம்பியை முழுங்கியவள் என்ற பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நானும் அதை நம்பினேன். எத்தனையோ வருடம் நம்பினேன்.

படிப்பு ஒன்றுதான் என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்தது. நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். குழந்தைகள் வார்டில் ஒரு நாள், மண் தின்னும் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் தாள் மாதிரி உள்ளங்கை, உப்பிய முகம், அமுக்கினால் குழி விழும் கால். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கொக்கிப் புழு. வெறுங்கால்ல நடக்குற புள்ள," என்று சாதாரணமாகச் சொன்னார். புழுவுக்கு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மருந்து, கொஞ்சம் ரத்தம் ஏற்றினார்கள். அந்தப் பிள்ளை பிழைத்து, போகும்போது எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. நான் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் தலையை மோதிக்கொண்டேன்.

அந்த வாரமே லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அத்தை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பதில் சொல்லாமல் தப்பிவிட்டாள். மத்தியானம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன்.

"தம்பி பச்சோந்தியால சாவலப்பா. வயித்துல புழு. ஆய்ப்போற எடத்துல கால் வழியா ஏறுற புழு. உள்ள இருந்து அதுதான் ரத்தத்தக் குடிச்சிருக்கு."

அப்பா எழுந்தார். சோற்றுக் கையோடு என் கன்னத்தில் அறைந்தார். பருக்கை என் கண்ணில், மூக்கில் ஒட்டியது.

"நாலு எழுத்துப் படிச்சுட்டு எனக்கே சொல்ல வந்துட்டியா? ஒளிச்சு வச்சவ நீ. புள்ளயக் கொன்னவ நீ."

மறுபடியும் கையை ஓங்கினார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

"அதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்கும்மா. மாத்திரதான்."

"அந்த மாத்திர அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எங்க?"

"குத்தாலத்துலயேம்மா. ஆஸ்பத்திரில. சும்மாவே குடுத்துருப்பாங்க."

அம்மா எழுந்து நடுவீட்டுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். முந்தானை நழுவியதையும் கவனிக்காமல் இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டாள். ஓர் அடி, இன்னோர் அடி. பிறகு தலையில், வயிற்றில். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் செத்த அன்று வந்திருக்க வேண்டிய சத்தம். "என் ராசா," என்று ஆரம்பித்தவள் தரையில் விழுந்து புரண்டாள். நெற்றி வாசல்நிலையில் மோதி உடைந்தது. நான் பிடித்தேன். என்னைத் தள்ளினாள், என் கையைக் கடித்தாள், பிறகு என்னையே கட்டிக்கொண்டு கதறினாள்.

தெரு ஓடி வந்தது. கொண்டையை முடிந்துகொண்டு பெண்கள், வயலில் இருந்து மண்வெட்டியோடு ஆண்கள். "என்னா ஆச்சு? யாருக்கு என்னா?" என்று வாசலில் நெருக்கினார்கள். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

ஓங்கிய கை அப்படியே இறங்கி, விரல்களில் சோறு காய அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"எம்புள்ள செத்துப் போயிட்டான்."